பொறியறிஞர் ஜி. டி. நாயுடு

நாட்டிற்கு நலம் புரிந்த பெரியோர் பல திறத்தினர். அரசியலில் தலைப்பட்டு உழைத்தவரையும், நூல் இயற்றிப் புகழ் கொண்டவரையும், சமயத்தொண்டில் தம்மை ஈந்தவரையும் நாம் அடிக்கடி நினைக்கின்றோம். அவர்தம் பிறந்த நாளைக் கொண்டாடுகின்றோம். ஆயின், எண்ணெய் படிந்த கையோடு பட்டறையில் நின்று, இரும்பின் இயல்பை ஆராய்ந்து, அதனால் ஒரு நாட்டுப்புறத்தின் வாழ்வையே மாற்றியமைத்த தொழிலறிஞரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அத்தகையோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் கோவை ஜி. டி. நாயுடு அவர்கள். அவர்தம் வரலாற்றை நம் மாணவர்க்குச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவை எங்கே, கடலூர் எங்கே என்று வினவுவார் இருக்கலாம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பெருவழியில், உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். மருந்துப் பொருள்களும் சாயப் பொருள்களும் பிற இரசாயனங்களும் ஆக்கும் ஆலைகள் அங்கே நிரை நிரையாக நிற்கின்றன. நம் கல்லூரியில் பயில்வோருள் பலர்க்கு அங்கே தந்தையோ தமையனோ வேலை செய்கின்றனர். பட்டம் பெற்றபின் தாமும் அவ்வாயில்களுள் புகுவோர் பலர். இயந்திரத்தோடு வாழ்நாளைக் கழிக்கப் போகும் இளைஞர், இயந்திரத்தோடு எவ்வாறு பழக வேண்டும் என்பதை அறிய விரும்பின், நாயுடு அவர்களின் வாழ்க்கையினும் சிறந்த பாடநூல் தமிழகத்தில் வேறொன்று இல்லை என்று துணிந்து கூறலாம்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூருக்கு அணித்தாகிய சூலூர்ப் பக்கத்தில் கலங்கல் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் உழவுத் தொழில் புரிந்து வந்த கோபால்சாமி நாயுடு என்பவர்க்கு மைந்தராக, 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தாயாரை மிக இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை. ஆசிரியர் சொல்லியதைத் திருப்பிச் சொல்லுவதும், பொருள் விளங்காமலே நெட்டுருச் செய்வதும் அவர்க்கு வேம்பாய்க் கசந்தன. ஆகவே பள்ளிப் படிப்பு சில வகுப்புக்களோடு நின்றது. தந்தையார் அவரைத் தோட்டம் பார்க்க அனுப்பினார். அங்கே தனிமையிற் கிடைத்த பொழுதையெல்லாம் கையிற் கிடைத்த தமிழ் நூல்களைப் படிப்பதிற் செலவிட்டார். பள்ளியை வெறுத்தவர் கல்வியை வெறுத்தாரில்லை. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

நின்றுபோன வண்டி

அந்நாளில் சிற்றூர்களில் மோட்டார் வண்டியைக் கண்டவரே அரியர். ஒரு நாள் இலங்காஷயர் என்னும் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அவ்வூர்ப்புறம் வந்தார். வந்த வண்டி வழியில் நின்றுவிட்டது என்றும், அவர் அதனைக் கழற்றித் துடைத்துச் செப்பம் செய்து மீண்டும் ஓட்டிச் சென்றார் என்றும், அப்பொழுது மண்ணெண்ணெயும் கந்தையும் தேடித் தந்து உதவிய சிறுவன் துரைசாமியே என்றும் கூறுவர். ஓடும் வண்டியைக் கண்டு வியந்தவர் பலர் இருந்திருப்பர். நின்றுபோன வண்டி மீண்டும் ஓடியதைக் கண்டு, அது ஏன் நின்றது, எதனால் ஓடியது என்று வினவிய உள்ளம் அச்சிறுவனுடையது. அவர்தம் வாழ்க்கை முழுவதும் அவ்வினாவின் விரிவே என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வண்டியைத் தாம் அடையவேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. கையிற் பணம் இல்லை. கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஆண்டுக் கணக்கில் உழைத்து, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, முடிவில் அவ்வதிகாரியிடமே சென்று அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்குப் பெற்றார். முந்நூறு ரூபாய் கொடுத்தார் என்பர். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர்வலம் வந்தாரோவெனின், அன்று. முதலில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பையும் துடைத்து வைத்து, இஃது எதற்கு, இஃதின்றேல் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். மீண்டும் பூட்டினார், மீண்டும் கழற்றினார். அவர்க்கு ஆசிரியர் அவ்விரும்பே. பாடம் அதன் உறுப்புக்களே. தேர்வு, பூட்டியபின் அது கிளம்புகின்றதா இல்லையா என்பதே. அத்தேர்வில் ஏமாற்றுதற்கு இடமில்லை.

பஞ்சு வாணிகம்

பின்னர்ச் சிறிது காலம் பஞ்சுத் தொழிலில் அவர் மனம் சென்றது. முதல் உலகப் போர் நிகழ்ந்த காலத்தில் பஞ்சு வாணிகம் செழித்தது. திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளோடு பம்பாய்க்குச் சென்று, பஞ்சுச் சந்தையின் ஏற்றத் தாழ்வில் பணயம் வைத்து, ஈட்டியதையெல்லாம் இழந்தார்.

இவ்விழப்பு ஆராயத்தக்கது. மோட்டார் சைக்கிள் எதனால் நின்றது என்று திறந்து பார்க்கலாம். பம்பாய்ச் சந்தையின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க எவராலும் இயலாது; அங்கே நிகழ்வது ஊகமே. காரணத்தைக் கண்ணாற் கண்டு வேலை செய்த இடத்தில் அவர் வென்றார். ஊகத்தை நம்பிய இடத்தில் தோற்றார். வெறுங்கையோடு ஊர் திரும்பியவர், மீண்டும் அத்துறையை நாடவில்லை. தமக்குத் தெரிந்த இரும்பினிடமே வந்து சேர்ந்தார்.

ஒற்றைப் பேருந்து

அக்காலத்துக் கோவையில் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை பெருமதிப்போடு வாழ்ந்து வந்தார். 1862-இல் அங்கே ஒரு பள்ளியை நிறுவியவரும், 1888-இல் நூற்பாலை கண்டவரும் அவரே. இளைஞராகிய நாயுடுவின் ஊக்கத்தை அவர் கண்டு, பேருந்து வாங்குதற்குப் பொருளுதவி செய்தார். ஒருவனிடம் மறைந்து கிடக்கும் தாலந்தைக் கண்டு அதனை மண்ணிற் புதையாமல் காப்பதும் ஓர் அறமே என்பதை அத்துரைமகனார் செயலால் காட்டினார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவின் முதற் பேருந்து ஓடத் தொடங்கியது. அதற்கு ஓட்டுநரும் அவரே. பழுது பார்ப்பவரும் அவரே.

இக்காலத்து வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பும் இளைஞர்க்கு, அக்காலத்து வண்டியோட்டியின் பாடு எளிதில் விளங்காது. வெயில் காயும் வழியில், பழனி மலையானை வணங்கச் செல்லும் அடியார் நிறைந்த வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், அருகில் பட்டறை இல்லை, தொலைபேசி இல்லை. ஓட்டுநன் தானே மருத்துவனாக வேண்டும். அம்மருத்துவம் எத்தகையது என்பதைச் சிறிது விரித்துக் கூறுதல் மாணவர்க்குப் பயன்படும். இன்றும் பழைய கார் வைத்திருப்போர் அம்முறையையே கையாளுகின்றனர்.

பெட்ரோல் எஞ்சின் ஓடுதற்கு இன்றியமையாதவை மூன்று. பெட்ரோலும் காற்றும் தக்க அளவிற் கலந்து உட்புக வேண்டும். அக்கலவை சிலிண்டருக்குள் நன்கு அழுத்தப்பட வேண்டும். உரிய நொடியில் பிளக்கில் தீப்பொறி தெறிக்க வேண்டும். இம்மூன்றும் உளவாயின் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையெனின் மூன்றனுள் ஒன்று இல்லை என்பது திண்ணம். ஆதலின், எது இல்லை என்று காண்பதே முதல் வேலை. எதனை மாற்றுவது என்பது அதற்குப் பிந்திய வேலை.

வண்டி நின்ற விதமே பாதி விடையைக் கூறிவிடும். விளக்கை ஊதி அணைத்தாற்போலத் திடீரென்று நின்றதாயின் மின்சாரத்தில் குறை இருக்கலாம். இருமி, தடுமாறி, வலி குன்றி நின்றதாயின் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று ஐயுறலாம். ரேடியேட்டரில் நீர் கொதித்து, ஓட்டம் இறுகி நின்றதாயின், தொட்டுத் திருகாமல் ஆறவிடுவதே அறிவு. நாடி பிடிக்கும் வைத்தியன் முதலில் நோயாளியை உற்று நோக்குவதுபோல, நின்ற வண்டியின் அருகே ஒரு நிமிடம் கைகட்டி நின்று நினைத்துப் பார்ப்பவனே நல்ல மெக்கானிக்.

பின்னர் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். தொட்டியில் பெட்ரோல் உளதா என்று பார்க்க வேண்டும்; இஃது எளிய வினாவேயாயினும் அதனை வினவாது எஞ்சினைப் பிரித்துப் போட்டவர் பலர். தொட்டி மூடியிலுள்ள சிறு துளை அழுக்கால் அடைபட்டால், காற்று உட்புகாமல் பெட்ரோல் இறங்காது நின்றுவிடும். மூடியைத் திறந்தவுடன் காற்று உஸ்ஸென்று உட்புகும் ஓசை கேட்டு, சிறிது பொழுதில் வண்டியும் கிளம்பின், நோய் அதுவே. குழாயிலும் வடிகட்டியிலும் தூசு அடைத்தலும், கார்புரேட்டரின் நுண்ணிய ஜெட்டில் ஒரு மணல் துகள் சிக்குதலும் உண்டு. கோடையில், சூடேறிய எஞ்சினை ஒட்டிச் செல்லும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியிட்டு வழியை அடைத்துவிடுதலும் உண்டு. அந்நிலையில் ஈரத்துணியைக் குழாயின்மேல் சுற்றினால் ஆவி தணிந்து பெட்ரோல் மீண்டும் ஓடும். போர்டு கம்பெனியின் பழைய டி-மாடல் காரில் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி வந்தமையின், தொட்டியில் எண்ணெய் குறைந்த பொழுது செங்குத்தான மேட்டில் அது நின்றுவிடும். அதனை அறிந்த ஓட்டுநர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேற்றினர். காரணம் அறிந்தவனுக்கு வழியும் பிறக்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

பெட்ரோல் வருகின்றதாயின், அடுத்துத் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, கம்பியோடு எஞ்சினின் இரும்பின்மேல் படுக்க வைத்து, ஹாண்டிலைச் சுழற்றினால் பொறி தெறிப்பதைக் காணலாம். நீலமாய்ப் பளிச்சென்று தெறிப்பது நன்று. மஞ்சளாய் மங்கித் தெறிப்பது வலிவற்றது. திறந்த பெட்ரோலின் அருகே இச்சோதனை செய்பவன் தன் மீசைக்கு மட்டுமன்றி உயிருக்கும் பகைவன். பிளக்கில் பொறி இல்லையெனின், காயிலிலிருந்து வரும் கம்பியிற் பார்க்க வேண்டும். அங்கே உளதாயின் குறை இடையில் உள்ளது. அங்கும் இல்லையாயின் பாயிண்டு, கண்டென்சர், காயில் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். காலையில் நன்கு ஓடி, சூடேறியவுடன் நின்று, அரைமணி நேரம் ஆறியபின் ஏதும் செய்யாமலே கிளம்பும் வண்டிகள் சில உள. அவற்றுட் பலவற்றில் குற்றவாளி காயிலோ கண்டென்சரோ ஆகும். சூட்டில் அவற்றின் உட்கட்டு குலைந்து, குளிர்ந்தபின் மீண்டும் கூடுகின்றது. முன்சொன்ன பெட்ரோல் ஆவியும் இதே குறியைக் காட்டும். எனவே வண்டி ஆறுமுன், சூடாக நின்ற நிலையிலேயே பொறியைச் சோதித்தவனுக்குத்தான் உண்மை கிட்டும். ஆறியபின் சோதிப்பவனுக்கு எல்லாம் நலமாகவே தோன்றும்.

இவ்விரண்டும் சரியாக இருப்பின், ஹாண்டிலை மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் கையை எதிர்த்துத் தள்ளுகின்றதா என்று உணர வேண்டும். எதிர்ப்பற்ற சிலிண்டரில் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கும். அது பட்டறையிற் செய்யும் வேலை.

இவையனைத்தினும் மேலான விதி ஒன்றுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். பிளக்கையும் மாற்றி, ஜெட்டையும் ஊதி, கம்பியையும் முடுக்கியபின் வண்டி கிளம்புமாயின், வண்டி கிளம்பியதே யன்றி அறிவு கிளம்பவில்லை. எது நோய் என்று அறியாதவனை அந்நோய் அடுத்த மேட்டில் மீண்டும் சந்திக்கும்.

இத்தகைய அறிவு ஒரு நாட்டார்க்கே உரியதன்று. ஜெர்மனியில் முதன்முதல் மோட்டார் காரை ஆக்கிய கார்ல் பென்ஸ் என்பாரின் மனைவியார் பெர்த்தா அம்மையார், 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கணவர்க்கும் சொல்லாமல் தம் இரு மைந்தரையும் உடன்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து பிபோர்ட்ஸ்ஹைம் வரை அக்காரை ஓட்டிச் சென்றார். நெடுவழியில் அவ்வளவு தொலைவு கார் ஓட்டியது உலகில் அதுவே முதன்முறை. வழியில் எண்ணெய்க் குழாய் அடைபட்டது. அம்மையார் தம் தொப்பியிற் செருகியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கி மேலே சென்றார். அவர்க்கு உதவியது ஊசியன்று. அடைப்பு எங்கே என்று அறிந்த அறிவே.

பேருந்தும் காலமும்

நாயுடு தம் ஒற்றைப் பேருந்தை இவ்வறிவால் ஓட்டினார். ஒன்று பலவாயிற்று. யுனைடெட், யுனிவர்சல் என்று பல பெயர் தாங்கிய நிறுவனங்கள் நாடெங்கும் எழுந்த அக்காலத்தில், யூ. எம். எஸ். என்று கோவை மக்கள் அன்போடு வழங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் அவர் கையால் வளர்ந்து, இந்தியாவின் மிகத் திறமையான பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. அவ்வண்டிகள் காலந்தவறாமைக்குப் பெயர் பெற்றவை. காலந்தவறாமை என்பது ஓட்டுநனின் விரைவால் வருவதன்று. வழியில் வண்டி நில்லாமையால் வருவது. வழியில் நில்லாமையோ, முன்னிரவிற் பட்டறையில் ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்ப்பதனால் வருவது. நின்றபின் காரணம் தேடுவது நல்ல மெக்கானிக்கின் திறம். நிற்குமுன்பே காரணத்தை நீக்குவது நல்ல நிறுவனத்தின் திறம். நாயுடு முதலாவதிற் பயின்று இரண்டாவதற்கு உயர்ந்தார்.

புதியன ஆக்கல்

நோயின் காரணத்தைத் தேடிப் பழகிய உள்ளம், புதியன படைப்பதிலும் அதே வழியிற் சென்றது. 1930-களில் அவர் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். ஜெர்மனியில் தொழிற்சாலைகளைக் கண்டு, அந்நாட்டுப் பொருள்களின் நுட்பத்தை ஆராய்ந்தார். 1936-இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தம் கைக்கருவியாலேயே திரைப்படமாக எடுத்தார். உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ரசந்த் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, ஏமாற்ற இயலாத வாக்குப்பதிவுக் கருவி முதலியன அவர் ஆக்கியவற்றுட் சில. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி, இந்தியாவிலேயே ஆக்கப்பெற்ற முதல் மின்மோட்டாரை வெளிப்படுத்தினார். இன்று கோவையின் பம்பும் மோட்டாரும் நாடெங்கும் உழவர் கிணறுகளில் ஓடுகின்றன. அவ்வாற்றின் ஊற்றுக்கண் அங்கே உளது.

1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்கு ஆக்கித்தர இயலும் என்று அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரை ஆக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய் என்று குறித்தார். ஆயின் அதனைத் தொடர்ந்து செய்தற்கு அரசாங்கத்தின் உரிமம் கிடைக்கவில்லை. ஏழையும் ஏறத்தக்க கார் பட்டறை வாயிலிலேயே நின்றுவிட்டது. எத்துணை வண்டிகளை மீண்டும் ஓடச் செய்தவர்க்கு, அவ்வொன்றை ஓடச் செய்ய இயலவில்லை. அதன் பழுது எஞ்சினில் இல்லை.

உழவிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். பருத்தியையும் பப்பாளியையும் வியக்கத்தக்க வகையில் வளர்த்தார். சர் சி. வி. இராமன் போன்ற அறிஞரும் அவரைப் பாராட்டினர்.

கல்வியைப்பற்றிய கருத்து

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றிற்று. ஹோப் துரை அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். அக்கல்லூரிக்குப் பெருங்கொடை அளித்து, அதன் தலைமைப் பொறுப்பையும் நாயுடு ஏற்றார். இன்று அரசினர் பொறியியற் கல்லூரியாகச் சிறந்து விளங்குவது அதுவே. நான்காண்டுப் பாடம் மாணவரின் காலத்தை வீணாக்குகின்றது, இரண்டாண்டே போதும் என்பது அவர் கருத்து. ஆங்கில அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. அவரும் பதவியை விட்டு விலகினார்.

இரண்டாண்டு போதுமா என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இருக்கலாம். கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் ஆழ்ந்து கற்றாலன்றிப் பெரிய இயந்திரங்களையும் இரசாயனக் கலன்களையும் ஆள இயலாது. கழற்றிப் பார்த்தே கற்க இயலாதனவும் உலகிற் பல. ஆயினும், நான்காண்டு படித்தும் ஒரு ஸ்பானரைக் கையில் எடாமல் வெளிவரும் பட்டதாரியைக் காணுங்கால், நாயுடுவின் சினம் காரணமற்றதன்று என்றே தோன்றுகின்றது.

குணமும் முடிவும்

அவர் எளிய உடையினர், ஓயாத உழைப்பினர், தமக்குச் சரியென்று பட்டதை எவர்முன்னும் அஞ்சாது கூறுபவர். வளையாத அவ்வியல்பு சிலகாலத்துக் கடுமையாகவும் வெளிப்பட்டது. 1950-களில் வரிச்சுமையை எதிர்க்கும் பொருட்டுத் தாம் ஆக்கிய அரிய பொருள்களையே மக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்தார். ஆக்கியவன் கையாலேயே ஆக்கம் அழிந்ததைக் கண்டு வருந்தினோர் பலர். இயந்திரத்தின் தடையை நீக்கப் பொறுமையோடு தேடும் கை, மனிதர் இட்ட தடையின்முன் பொறுமை இழந்தது. பெரியோர் வாழ்விலும் இத்தகைய இடங்கள் உள; அவற்றை மறைத்து எழுதுதல் வரலாறாகாது.

1974-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் குடும்பத்தார் நடத்தும் அறநிலையம், 2015-இல் கோவை அவிநாசிச் சாலையில் பழைய கார்களுக்கென ஒரு காட்சிச்சாலையைத் திறந்தது. பல நாட்டுக் கார்கள் அங்கே அணியணியாக நிற்கின்றன. கோவை செல்லும் மாணவர் அதனைக் காணாது திரும்பலாகாது. ஒரு நூற்றாண்டுக் காலத்து மனிதர் ஒவ்வொரு குறையையும் எவ்வாறு கண்டு எவ்வாறு நீக்கினர் என்பதை அவ்விரும்புகள் வாய்திறவாமலே கூறும்.

நாம் கொள்ளத்தக்கது

இனி நம் ஊருக்கு வருவோம். சிப்காட் என்று நாம் வழங்கும் தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகம் 1971-இல் நிறுவப்பெற்றது. அதன் கடலூர்ப் பேட்டை வந்தபின் நம் பகுதியின் வாழ்வு மாறியது. வேலை வந்தது, அதனோடு காற்றையும் நீரையும் பற்றிய கவலையும் வந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பேட்டையின் ஓர் ஆலையில் வெடிப்பு நேர்ந்து தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணத்தை இங்கே நாம் ஆராயப் புகவில்லை. ஆயின் அந்நாள் நம் குடும்பங்கள் பலவற்றில் எத்தகைய அச்சத்தை விளைத்தது என்பதை நாம் அறிவோம்.

பழனி வழியில் நின்ற பேருந்தைத் தவறாகக் கணித்தால், அடியார் சிலர் வெயிலிற் சிறிது பொழுது காத்திருப்பர்; அவ்வளவே. இரசாயன ஆலையில் நின்றுபோன பம்பையோ, ஏறிக்கொண்டே போகும் வெப்பமானியையோ தவறாகக் கணித்தால் விளைவு அத்தன்மையதன்று. அங்கே திறந்து பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. உரிய ஆணையின்றியும், அழுத்தம் தணியாமலும், மின்சாரத்தைத் துண்டிக்காமலும் திறப்பவன் துணிவுடையவன் அல்லன், அறிவிலி. ஆகவே நாயுடுவிடம் கற்க வேண்டுவது ஸ்பானரை எடுத்தவுடன் கழற்றும் விரைவை அன்று. கழற்றுமுன் நின்று நினைக்கும் நிதானத்தை. காரணம் தெரியாமலே மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்னும் சொல்லுக்கு இணங்காத உறுதியை. நேற்றும் இப்படித்தான் இருந்தது என்று மேலதிகாரி கூறினும், நேற்று ஏன் அப்படி இருந்தது என்று பணிவோடு வினவும் அஞ்சாமையை.

கலங்கல் என்னும் சிற்றூரில், பள்ளியை விட்டுத் தோட்டத்திற்குப் போன ஒரு சிறுவன், நின்றுபோன வண்டி ஒன்றைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். அக்கேள்விக்கு விடை தேடி அவன் பரிமாறும் வேலை செய்தான், இரும்பைக் கழற்றினான், பொருளை இழந்தான், மீண்டும் எழுந்தான், ஒரு நகரத்தையே தொழில் நகரமாக்கியோருள் ஒருவனானான். நம் மாணவர்க்குக் கல்லூரியும் உண்டு, நூல்நிலையமும் உண்டு, சோதனைச் சாலையும் உண்டு. அவை அனைத்தும் இருந்தும் அக்கேள்வி மட்டும் இல்லையாயின் பயன் என்னை? சிப்காட்டின் வாயிலுள் நாளை புகும் இளைஞர், சம்பளச் சீட்டோடு அக்கேள்வியையும் தம் சட்டைப்பையில் வைத்துச் செல்வாராக. அதனால் அவர்தம் உயிரும், அருகில் நின்று வேலை செய்வார் உயிரும், ஆற்றங்கரை ஊர்களும் நலம் பெறும் என்பது நம் துணிபு.